ஐந்து குப்பி, ஒரு மூக்கு

இனிமேல் தான் குடிக்கிற ஆள் இல்லை, நடுவர் என்று யேசுதாசன் தீர்மானித்தது ஒரு திங்கட்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு. அல் ஐன் தொழிற்பேட்டையில், வெல்டிங் பொறி பறந்துகொண்டிருந்த ஒரு குழாயின் பக்கத்தில் நின்றபடி அந்தத் தீர்மானம் எடுக்கப்பட்டது. இரண்டாயிரத்து எட்டாம் வருஷம், ஜனவரி மாதம்.

அவரைக் குடிகாரர் என்று யாரும் சொன்னதில்லை. அப்படிச் சொல்கிற அளவுக்கு அவருக்குக் கிடைத்ததும் இல்லை. அந்த இலாகா அவர் மனைவி தங்கபுஷ்பத்தின் கையில் இருந்தது. அவள் ஆஸ்பத்திரியில் சர்ஜரி வார்டு நர்ஸ். வியாழக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு ஜெபம் முடியும். ஆறே முக்காலுக்கு அலமாரி திறக்கும். இருமல் மருந்து பாட்டிலோடு கோடு போட்ட பிளாஸ்டிக் மூடி ஒன்று வருமே, அதில் முப்பது மில்லி அளந்து ஊற்றுவாள். கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்து, கூடியிருந்தால் திரும்ப பாட்டிலுக்குள் கவிழ்ப்பாள். இப்படி இரண்டு முறை. பிறகு அலமாரி பூட்டிக்கொள்ளும். பதினோரு வருஷமாக இதுதான் வழக்கம். ஒரே ஒரு தடவை யேசுதாசன், "இன்னும் ஒண்ணு" என்று கேட்டார். "எட்டு மணி நேரம் கழிச்சுத்தான் அடுத்த டோஸ்" என்று பதில் வந்தது.

அளவு குறைச்சல் என்பதல்ல அவருடைய வருத்தம். மரியாதை குறைச்சல். நாற்பத்தாறு வயதில், முப்பது வெல்டர்களின் வேலையைச் சரி, தப்பு என்று சொல்லும் இன்ஸ்பெக்டர், வீட்டில் வாயைத் திறந்து மருந்து வாங்குகிற மாதிரி உட்கார்ந்திருக்கலாமா?

அந்தத் திங்கட்கிழமைதான் விடிவு வந்தது. புராஜெக்ட் மேனேஜர் பாய்ட், டெக்சாஸ்காரர், கையில் ஓர் அட்டைப்பெட்டியோடு சைட்டுக்கு வந்தார். அவருடைய தங்கை காரல் ஊரில் சின்னதாக ஒரு விஸ்கி ஆலை வைத்திருந்தாள். பார்லி மட்டும் போட்டு ஒரே ஆலையில் வடிப்பதற்குப் பெயர் சிங்கிள் மால்ட். அதைப் புகை மணக்கச் செய்வது ஸ்காட்லாந்துக்காரர்களின் வித்தை. பீட் என்ற சதுப்பு மண்ணைக் கொளுத்தி அந்தப் புகையில் பார்லியை உலர்த்துவார்கள். இப்போது அமெரிக்காவிலும் சிலர் அதில் இறங்கியிருக்கிறார்கள். பெட்டியில் அப்படிப்பட்ட ஐந்து விஸ்கி, ஐந்து சின்னக் குப்பிகளில் இருந்தது. ஒன்று காரலுடையது. மற்ற நாலும் போட்டிக்காரர்களுடையவை. குப்பி மேல் ஏ, பி, சி, டி, ஈ என்ற எழுத்து தவிர எதுவும் கிடையாது. எது எப்படி இருக்கிறது என்று பாரபட்சம் இல்லாமல் எழுதித் தர ஆள் வேண்டும்.

"புகையைப் பற்றித் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?" என்று பாய்ட் கேட்டார்.

யேசுதாசன் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு முன்னால் வந்தார். பத்தொன்பது வருஷமாகப் புகைக்கு நடுவில்தான் நிற்கிறேன் சார் என்று இங்கிலீஷில் சொன்னார். பாய்ட் சிரித்தார். பெட்டி கைமாறியது.

சாயங்காலம் சாப்பாட்டு மேஜை மேல் குப்பிகளை வரிசையாக வைத்துவிட்டு, யேசுதாசன் கை கட்டி நின்றார்.

"இது என்னது?" என்றாள் தங்கபுஷ்பம்.

"ஆபீஸ் வேலை."

"ஆபீஸ் வேலைக்குக் கார்க்கு எதுக்கு?"

"மேனேஜர் என்ன ஜட்ஜா போட்டிருக்காரு. இத ருசி பாத்து ரிப்போர்ட் குடுக்கணும். ஜட்ஜு குடிச்சா அதுக்குப் பேரு குடி இல்லட்டி. தீர்ப்பு."

"இன்னிக்கு திங்கக்கெழம."

"கோர்ட்டு திங்கக்கெழமதான தொறக்கும்."

தங்கபுஷ்பம் பெட்டிக்குள்ளிருந்த தாளை எடுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு எழுத்துக்கும் நேராக நோஸ், பேலட், பினிஷ் என்று மூன்று கட்டம். அடியில் குறிப்புக்கு இடம். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சரி. எழுதுங்க, பாப்போம்."

யேசுதாசன் இவ்வளவு சுலபமாக வெற்றி கிடைக்கும் என்று நினைக்கவில்லை. 'ஏ' குப்பியைத் திறந்து கிளாஸில் ஊற்றி, அண்ணாந்து ஒரே மடக்கு. கண்ணை மூடி, மறுபடி திறந்து, பேனாவை எடுத்தார். அடுத்து 'பி'. அதுவும் ஒரே மடக்கு. எழுதியதைப் பெருமையோடு அவள் பக்கம் நகர்த்தினார்.

தங்கபுஷ்பம் வாசித்தாள். "நோஸுக்கு நேரா 'ஒன்'னு போட்டிருக்கிய."

"மூக்கு ஒண்ணுதான இருக்கு?"

"பேலட்டுக்கு நேரா 'நாட் ரிசீவ்டு'."

"சரக்கு அடுக்குத மரப் பேலட்டு எங்க வந்துச்சு? வெறும் அட்டைப்பெட்டிலதான் தந்தாரு. வராதத வந்துச்சுன்னு நான் கையெழுத்துப் போட முடியாது."

"இது அண்ணாக்குல தெரியுத ருசிய கேக்காங்க. சரி, பினிஷுக்கு நேரா 'பினிஷ்டு'."

"குப்பிய பாரு. சொட்டு கூட இல்ல."

தங்கபுஷ்பம் தாளைக் கீழே வைத்தாள். சிரிக்கவில்லை. "எப்படி இருந்துச்சு? அத சொல்லுங்க."

"ஏ நல்லாருந்துச்சு."

"பி?"

யேசுதாசன் நேர்மையாக யோசித்தார். "அதுவும் நல்லாருந்துச்சு."

அவள் காலிக் கிளாஸை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். குடிப்பதற்கு அல்ல. அவள் இதுவரை ஒரு சொட்டும் குடித்தவள் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை மெதுவாக மூச்சை இழுத்தாள்.

"இது மாசிக் கருவாடு. அடுப்புக்கு மேல பொகயில கெடந்து காஞ்ச மாசி. கடைசியில லேசா எலுமிச்சம்பழத் தோலு." அடுத்த கிளாஸ். "இது எங்க வார்டு. புண்ணு கழுவுத அயோடின். மூணாவது நாளு கட்டு பிரிக்கும்போது வருத வாசம், அது மாதிரி. ஆனா சீழு இல்ல, சுத்தமான புண்ணு."

யேசுதாசன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதே கிளாஸைத் தானும் முகர்ந்தார். விஸ்கி வாசம் வந்தது.

"ஏட்டி புஷ்பம், இத இங்கிலீஷ்ல எழுதுவியா?"

"தெனமும் பன்னெண்டு பேருக்கு கேஸ் ஷீட்டு எழுதுதேன். இத எழுத மாட்டனா?"

புதுத் தாளில் அவளுடைய குண்டுகுண்டான கையெழுத்தில் எழுத ஆரம்பித்தாள். மற்ற மூன்று குப்பியிலும் அவருக்கு நாக்கு நனைகிற அளவுதான் கிடைத்தது. மிச்சம் கார்க்கு மூடி அலமாரிக்குள் போயிற்று. "மறுபடி டெஸ்ட் கேட்டா சாம்பிள் வேணும்லா. எந்த லேப்லயாவது மொத்தத்தையும் தீத்துப் போடுவாங்களா?" என்றாள்.

'சி' அணைத்த தீக்குச்சி, மேலே தேன். 'டி' தார் பூசிய வள்ளத்துக் கயிறு, வெயிலில் கிடந்தது. 'ஈ' வந்தபோது மட்டும் அவள் இரண்டு தடவை முகர்ந்தாள். ஜன்னல் பக்கம் போய் நின்று மூன்றாவது தடவையும் முகர்ந்தாள்.

"இது வேற. மண்ண எரிச்ச பொக இல்ல இது. வெறகு. நம்ம ஊரு உடமரம், சீமக்கருவேலி. அத மூட்டம் போட்டு கரி சுடுவாங்கல்லா, அந்தப் பொக."

"அமெரிக்காக்காரன் எதுக்குட்டி நம்மூரு முள்ளு மரத்த வெட்டப்போறான்?"

"எனக்கென்ன தெரியும். மூக்குல வந்தத சொல்லுதேன்."

எல்லாம் எழுதியபின் அடியில் இருந்த குறிப்புப் பகுதியில் ஒரு வரி சேர்த்தாள். அது என்ன என்று யேசுதாசன் கேட்டார். கண்ணாடி சட்டைப்பையில் இருந்தது. எடுக்கச் சோம்பலாக இருந்தது.

"உங்கள பத்தி நல்லதா ரெண்டு வார்த்த."

யேசுதாசன் மனம் நிறைந்து கையெழுத்துப் போட்டார். அவள் தாளை மடித்து உறைக்குள் வைத்து ஒட்டிக் கொடுத்தாள்.

இரண்டு நாள் கழித்து பாய்ட் அவரைக் கூப்பிட்டார். அந்தத் தாளை அவர் மேஜை மேல் எக்ஸ்ரே போல விரித்து வைத்திருந்தார். வாழ்நாளில் இப்படி ஒன்றைப் படித்ததில்லை என்றார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வில்லாவுக்கு வர வேண்டும், காரல் வந்திருக்கிறாள், அவள் முன்னால் ஒரு தடவை செய்து காட்ட வேண்டும். "மனைவியையும் அழைத்து வாருங்கள்" என்றார். யேசுதாசன் கதவைத் தாண்டும்போது மறுபடியும், "மனைவியை மறக்க வேண்டாம்" என்றார். அமெரிக்கர்கள் குடும்பத்துக்குக் கொடுக்கும் மரியாதையே தனி என்று யேசுதாசன் நினைத்துக்கொண்டார்.

ஆனால் செய்து காட்டுவது என்றால் மூக்கு வேண்டும். அதற்கு அவரிடம் திட்டம் இருந்தது.

"கிளாஸ மாத்தி மாத்தி வைப்பாங்க. எது எந்த எழுத்துன்னு சொல்லணும். நீ என் பக்கத்துல உக்காந்து கிளாஸ எடுத்துக் குடுக்க மாதிரி லேசா மோந்துரு. கம்மல தொட்டா ஏ. வளையல தொட்டா பி. கர்ச்சீப்ப எடுத்தா சி. செருப்ப சரி பண்ணுனா டி. இருமுனா ஈ."

"நெசமாவே இருமல் வந்தா?"

"அடக்கிக்க."

"சரி" என்றாள் தங்கபுஷ்பம்.

பதினோரு வருஷத்தில் அவள் ஒரு விஷயத்துக்கு ஒரே வார்த்தையில் சரி சொன்னது அதுதான் முதல் தடவை. யேசுதாசனுக்கு அது உறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை வில்லாவின் புல்வெளியில் நீள மேஜை போட்டிருந்தது. பாய்ட், காரல், ஆபீஸிலிருந்து நாலைந்து பேர். சைட் இன்ஜினியர் உமாபதி முன்பே வந்து நல்ல நாற்காலியைப் பிடித்திருந்தார். காரல் ஐம்பது வயதுக்காரி, கை முழுக்கச் சூட்டுத் தழும்பு, அதிகம் பேசாதவள். தங்கபுஷ்பத்தின் கையைப் பிடித்துக் குலுக்கியபோது மட்டும் சட்டென்று விடவில்லை.

பாய்ட் எழுந்து, யேசுதாசனின் தாளில் குறிப்புப் பகுதியில் இருந்த வரியை உரக்கப் படித்தார். 'இந்த நடுவர் ஒருபோதும் விழுங்குவதில்லை. ருசித்ததும் துப்பிவிடுவார்.' பெரிய பெரிய போட்டிகளில் உண்மையான நடுவர்கள் இப்படித்தான் செய்வார்கள் என்றும், இந்தப் பாலைவனத்தில் அப்படி ஒரு கட்டுப்பாட்டைக் காண்பது தனக்குப் பெருமை என்றும் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். ஒரு வேலையாள் வந்து யேசுதாசன் முன்னால் மட்டும் ஒரு எவர்சில்வர் வாளியை வைத்துவிட்டுப் போனார்.

யேசுதாசன் மனைவியைப் பார்த்தார். அவள் பேரீச்சை மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து கிளாஸ் வந்தது. முதல் வாய். நாக்கில் புரட்டினார். இனிப்பு, காரம், நெஞ்சுக்கு இறங்கத் துடிக்கிற ஒரு சூடு. வாளியைப் பார்த்தார். துப்பினார். பக்கத்தில் உமாபதி அதே விஸ்கியைத் தன் கிளாஸில் உறிஞ்சி முடித்து, உதட்டைத் துடைத்து, "உங்களுக்குப் பெரிய மனசு சார்" என்றார்.

ஆனாலும் வேலை நடந்தது. தங்கபுஷ்பம் ஒவ்வொரு கிளாஸாக எடுத்துக் கொடுத்தாள். வளையல். "பி" என்றார் யேசுதாசன். செருப்பு. "டி." கம்மல். கர்ச்சீப். கடைசியில் ஒரு பதமான இருமல். ஐந்தும் சரி. மறுபடி கை தட்டல். யேசுதாசனுக்கு வாளியின் துக்கம் மறந்துபோயிற்று. எழுந்து நின்று, புகை என்பது தன் தொழில் என்றும், வெல்டிங்கும் விஸ்கியும் கவனித்துப் பார்த்தால் ஒன்றுதான் என்றும் ஒரு சின்னப் பிரசங்கம் செய்தார்.

காரல் கையைத் தூக்கினாள். "ஈ பற்றி எழுதியிருக்கிறதே, அது மரம் என்று எப்படித் தெரிந்தது? எந்த மரம்?"

உடமரத்துக்கு இங்கிலீஷ் யேசுதாசனுக்குத் தெரியாது. மனைவியைப் பார்த்தார். அவள் கம்மலைத் தொட்டாள். அது ஏ. பிறகு வளையலைத் தொட்டாள். கர்ச்சீப்பை எடுத்தாள். செருப்பைச் சரிசெய்தாள். நிதானமாக இருமினாள்.

"அது வந்து, ஒரு மரம்" என்றார் யேசுதாசன். "பெரிய மரம். மிக நல்ல மரம்."

"மிஸஸ் புஷ்பம்?" என்றாள் காரல்.

தங்கபுஷ்பம் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே, டாக்டர் ரவுண்டில் கேஸ் சொல்வதுபோல, தெளிவான இங்கிலீஷில் சொன்னாள். முள் மரம். வேறெதுவும் முளைக்காத இடத்தில் முளைக்கும். மஞ்சள் காய் நீளமாகத் தொங்கும், ஆடுகள் தின்னும். எங்கள் கடற்கரையில் அதை வெட்டி மண் மூடிக் கரி சுடுவார்கள். பச்சை விறகு எரியும்போது தொண்டையில் ஓர் இனிப்பு நிற்கும். அந்த இனிப்பு இந்தக் கிளாஸில் இருக்கிறது.

காரல் அண்ணன் பக்கம் திரும்பினாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள். அது அவளுடைய விஸ்கி. தன் நிலத்தில் முளைத்த மெஸ்கீட், அதாவது நம்மூர் சீமைக்கருவேலியின் இனத்து மரத்தை எரித்துத்தான் பார்லியை உலர்த்தினாள். அண்ணனிடம்கூட அதைச் சொன்னதில்லை. வருகிற வழியில் மூன்று பெரிய விஸ்கி நிபுணர்களிடம் கொடுத்தாளாம். மூன்று பேரும் அருமையான பீட் என்றார்களாம்.

மேஜை மேல் கிடந்த தாளை யேசுதாசன் அப்போதுதான் கண்ணாடி போட்டுப் பார்த்தார். அவருடைய கையெழுத்துக்குக் கீழே, குண்டு எழுத்தில் இன்னொரு வரி இருந்தது. 'முகர்ந்து எழுதியவர்: தங்கபுஷ்பம், ஸ்டாஃப் நர்ஸ்.' பக்கத்தில் மொபைல் நம்பர்.

"எல்லாருக்கும் தெரியுமா?" என்று உமாபதியிடம் மெல்லக் கேட்டார்.

"ஜெராக்ஸ் எடுத்ததே நான்தான் சார். நீங்க செருப்புக்கு 'டி' சொன்னப்ப சிரிப்ப அடக்கத்தான் என் கிளாஸ ஒரே மடக்கா குடிச்சேன்."

வீட்டுக்குத் திரும்பும்போது மூன்றாவது ரவுண்டானாவில் யேசுதாசன் வாயைத் திறந்தார்.

"இத்தன பேரு முன்னால என்ன கோமாளியாக்கிட்டியட்டி."

"செருப்ப தொடு, கம்மல தொடுன்னு நானா சொன்னேன்?"

"பேரு எழுதுனத என்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

தங்கபுஷ்பம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள். "போன வருஷம் ஏழாம் நம்பர் கட்டில்ல ஒருத்தருக்குக் கட்டு பிரிக்கதுக்கு முன்னாடியே சொன்னேன், புண்ணு வாசம் சரியில்ல, மருந்த மாத்துங்கன்னு. ரெண்டு நாள் கழிச்சு லேப் ரிப்போர்ட்டும் அதையேதான் சொல்லிச்சு. மீட்டிங்குல டாக்டர் எந்திரிச்சி, எனக்கு அப்பவே சந்தேகம்னாரு. எல்லாரும் கை தட்டுனாங்க. நானும் தட்டுனேன். வீட்ல வந்து உங்ககிட்ட அழுதேன். நீங்க என்ன சொன்னிய?"

"என்ன சொன்னேன்?"

"'வாயால சொன்னா காத்துல போயிரும், பேப்பர்ல பேர எழுதிக் குடுத்திருக்கணும்'னு சொன்னிய. அதான் எழுதுனேன்."

யேசுதாசன் சிக்னலில் வண்டியை நிறுத்தினார். அந்த இரவு அவருக்கு ஞாபகம் வந்தது. அவள் அழுததும் ஞாபகம் வந்தது. பச்சை விளக்கு விழுந்தபோது, "சரியாத்தான் சொல்லியிருக்கேன்" என்றார்.

ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. துபாயில் ஒரு பெரிய ஹோட்டலில் மார்ச் மாதம் அமெரிக்க விஸ்கிகளுக்கு ஒரு போட்டி. இருபத்துநாலு பாட்டில். காரலின் சிபாரிசில் தங்கபுஷ்பத்துக்கு நடுவர் அழைப்பு. இரண்டு ராத்திரி அறை. கணவரும் வரலாம்.

யேசுதாசன் அந்தக் கடைசி வரியை நாலு தடவை படித்தார். தோல்வி என்று நினைத்தது தோல்வியே இல்லை. நடுவர்தானே துப்ப வேண்டும்? நடுவரின் கணவர் துப்ப வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. நடுவர் முகர்ந்து வைத்ததைக் கணவர் வீணாக்காமல் பார்த்துக்கொள்ளலாம். இருபத்துநாலு கிளாஸ். அளவு மூடி கிடையாது. அவர் புதுச் சட்டை எடுத்தார். ஆபீஸில் லீவும் எழுதிக் கொடுத்தார்.

"அறை வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்றாள் தங்கபுஷ்பம், புறப்படுவதற்கு முந்தின நாள், சாம்பாருக்குத் தாளித்தபடி. "மறுநாள் எனக்கு மார்னிங் டூட்டி. சாயங்காலமே திரும்பிருவோம்."

"எப்படித் திரும்புவோம்?"

"நீங்கதான் ஓட்டணும். எனக்குத்தான் லைசென்ஸ் கெடையாதே."

யேசுதாசனுக்கு மெல்லத்தான் உறைத்தது. துபாயிலிருந்து அல் ஐன் நூற்று முப்பது கிலோமீட்டர். இந்த நாட்டில் ஸ்டியரிங் பிடிக்கிறவன் வயிற்றில் ஒரு சொட்டு இருந்தாலும் போலீஸ், கோர்ட்டு, அதற்கடுத்து ஊருக்குப் பிளேன். இருமல் மருந்து மூடியில் பாதி அளவுக்குக்கூட மன்னிப்பு கிடையாது.

"டாக்சி?" என்றார்.

"சொந்த வண்டிய வீட்ல வச்சிட்டா?"

அப்படித்தான் அந்த வெள்ளிக்கிழமை, மேலே பன்னிரண்டாம் மாடியில் தங்கபுஷ்பம் வெள்ளை மேஜை விரிப்புக்கு முன்னால் உட்கார்ந்து, இருபத்துநாலு அமெரிக்க விஸ்கிகளை ஒவ்வொன்றாக முகர்ந்து, நாக்கில் நனைத்து, துப்பி, எழுதிக்கொண்டிருந்தாள். கழுத்தில் தங்க நிற அட்டை. சுற்றி நாலு நாட்டுக்காரர்கள் அவள் என்ன சொல்கிறாள் என்று காத்திருந்தார்கள். கணவரும் வரலாம் என்பது வாசல் வரைக்கும் வரலாம் என்றுதான் அர்த்தமாம். போட்டி நடக்கும் அறைக்குள் நடுவர்கள் தவிர யாருக்கும் அனுமதி இல்லை.

கீழே, பார்க்கிங்கை ஒட்டிய டிரைவர்கள் அறையில், யேசுதாசன் புதுச் சட்டையோடு பெஞ்சில் உட்கார்ந்து பால் சேராத சுலைமானிச் சாயா குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஹோட்டல் வண்டி ஓட்டும் சதக்கத்துல்லா, காயல்பட்டினத்துக்காரர், பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் பிஸ்கட்டை நீட்டினார்.

"அண்ணனுக்கு முதலாளி யாரு?"

"என் வீட்டுக்காரி."

சதக்கத்துல்லா சிரித்தார். "அது எல்லாருக்கும் அப்படித்தானண்ணே. வீட்டுல யாருன்னு கேக்கல. மேல யாருன்னு கேட்டேன்."

யேசுதாசன் பிஸ்கட்டைச் சாயாவில் தோய்த்தார்.

"மேலயும் அவதான்."